பெரியப்பாவின் மாத்திரையும் டாக்டர் சுப்பாராவும்

நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் சோதனைகளுள் ஒன்று, கரைசலில் கலந்திருக்கும் பாஸ்பேட்டின் அளவைக் காண்பது. கரைசலுடன் அமிலங் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்க்க வேண்டும். பின்னர் ஒடுக்கும் கரைசலைச் சிறிதளவு விட்டுச் சற்றுப் பொறுத்தால் சோதனைக் குழாயில் நீல நிறம் எழும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட்டும் அவ்வளவு. இதற்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர். இப்பெயரைப் பதினான்கு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தேன். ஃபிஸ்கே யார், சுப்பாராவ் யார் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன். தேர்வில் வராத வினாவுக்கு விடை தேடும் வழக்கம் மாணவர்க்கு மட்டுமன்று, ஆசிரியர்க்கும் இல்லாமற் போய்விட்டது!

அந்தச் சுப்பாராவை எனக்கு அறிமுகப்படுத்தியது பாடநூல் அன்று. என் பெரியப்பாவின் மருந்துச் சீட்டு.

பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பீடி, சிகரெட் எதையும் தொட்டவர் அல்லர். 2016-ஆம் ஆண்டு கோடையில் பிடித்த இருமல் மூன்று மாதமாகியும் நின்றபாடில்லை. எல்லாச் சோதனைகளும் முடிந்தபோது, நுரையீரலில் புற்றுநோய் என்றும், அது எலும்புவரை பரவிவிட்டது என்றும் தெரிந்தது. அறுவை மருத்துவத்திற்குரிய நிலை கடந்துவிட்டது. வயதோ எழுபத்து நான்கு. கடுமையான மருந்துகளை அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஓரளவு மென்மையான கூட்டு மருந்து ஒன்று உண்டு, அதைத் தந்து பார்ப்போம், நோயை வேரோடு களைய முடியாது, ஆனால் காலத்தை நீட்டலாம், அந்தக் காலத்தைப் படுக்கையில் கழிக்காமல் இருக்கலாம் என்றார். கார்போபிளாட்டின், பெமெட்ரெக்சட் என்னும் இரண்டு மருந்துகள்; மூன்று வாரத்திற்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது.

ஆனால் அவர் தந்த சீட்டில் முதலில் இருந்தவை இவ்விரண்டும் அல்ல. ஃபோலிக் அமில மாத்திரை நாளுக்கு ஒன்று, மருந்து ஏற்றுவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும். வைட்டமின் பி 12 ஊசி ஒன்று, அதுவும் முன்கூட்டியே. பெரியப்பா சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். மருமகள் கருவுற்றிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை எனக்கு ஏன் எழுதியிருக்கிறார், எனக்கும் ஏதேனும் நல்ல செய்தியோ என்று பெரியம்மாவிடம் கேட்டார். வீட்டில் பல நாட்களுக்குப் பின் சிரிப்பொலி கேட்டது அன்றுதான். அதனாலேயோ என்னவோ, அந்த மாத்திரையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. குறித்த நாளில் சென்றபோது மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள் என்பது. அட்டையை எண்ணிப் பார்த்தார். இரண்டே இரண்டு காலியாகியிருந்தன. அன்று மருந்து ஏற்ற மறுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

சாதாரண வைட்டமின் மாத்திரை ஒன்றுக்காகப் புற்றுநோய் மருந்தையே தள்ளிப்போடுவதா? எனக்குச் சினமும் வந்தது, ஐயமும் வந்தது. வேதியியல் படித்தவன் அல்லவா? நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். பெமெட்ரெக்சட் என்பது ஃபோலிக் அமிலத்தின் பகை மருந்து என்று கண்டேன். அப்படியானால் பகைவரையும் உரியவரையும் ஒரே சீட்டில் எழுதியது எப்படி? அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றபோது, வழியில் நின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். என் கரும்பலகையில் இருந்த அதே சுப்பாராவ்!

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் ஆந்திரத்தில் இருக்கிறது. தந்தையார் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்து, உடல்நலக் குறைவால் முன்னரே விலகியவர். வீட்டில் பிள்ளைகள் எழுவர், வறுமைக்குக் குறைவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போய் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார் என்றும், தாயார் பாதி வழியில் பிடித்து இழுத்து வந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். படிப்பிலும் அவர் முதல் மாணவர் அல்லர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். தாயார் வெங்கம்மா நகையை விற்றுச் சென்னைக்கு அனுப்ப, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். தேர்வில் ஒருமுறை தவறியதும் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாத தம்பிமார்கள் இவ்விடத்தில் சற்று நின்று படிக்கலாம்.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அப்போது அவர் நெஞ்சில் இருந்தது மருத்துவம் அன்று, துறவு. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை; மடத்துப் பெரியவர்களும் மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யுமாறு திருப்பி அனுப்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பிறகு மாமனாரும் உதவினர். 1919-இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவைக் கூடத்திற்கும் அதே உடையில் சென்றது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தேர்வில் அதன் விளைவு தெரிந்தது. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே கைக்கு வந்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றும் இடம் கிடைக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையே நேர்ந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. அவருடைய உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து ஸ்புரூ என்னும் நோயால் இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, ஓயாத வயிற்றுப்போக்கு, நாவெல்லாம் புண், இரத்தம் வற்றி உடல் மெலிந்து உயிர் போகும். மருத்துவம் பயின்றவர் ஒருவர் வீட்டில் இருந்தும், கையைப் பிசைந்துகொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்நோய் சுப்பாராவையும் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தில் அவர் பிழைத்தார். ஸ்புரூவுக்குக் காரணமும் மருந்தும் காண வேண்டும் என்ற வேட்கை அவரை விட்டு அதன்பின் அகலவில்லை.

அமெரிக்காவில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிய படிப்பு உண்டு என்றறிந்து, மாமனாரின் பொருளுதவியும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் கொண்டு கப்பலேறினார். 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரில் இறங்கியபோது, கருவுற்ற இளம் மனைவி ஊரில் இருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தது. உண்ணவும் உறங்கவும் வழி? அமெரிக்காவில் மருத்துவத் தொழில் நடத்த அவருடைய சான்றிதழ் செல்லாது. எனவே மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசட்டியையும் சிறுநீர்க் கலத்தையும் கழுவி வைப்பது வேலை. பகலில் ஹார்வர்டு வகுப்பு, இரவில் இந்தப் பணி. பீமவரத்துக்கு எழுதிய கடிதங்களில் இதை அவர் எவ்வாறு எழுதினாரோ, எழுதாமலே விட்டாரோ, எண்ணிப் பார்க்கிறேன்.

பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைக் காண எளிய வழி ஒன்றை அமைக்க வேண்டும் என்பது ஃபிஸ்கே தந்த பணி. அதன் பயனே 1925-இல் வெளியான நீல நிறச் சோதனை. அந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927-இல் பாஸ்போகிரியேட்டின் அகப்பட்டது, 1929-இல் ஏ.டி.பி. அகப்பட்டது. ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டறிந்தார். நாம் நடப்பதும் பேசுவதும் இதயம் துடிப்பதும் ஏ.டி.பி. தரும் ஆற்றலால் அன்றோ! இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பெயர் அது. 1930-இல் பிஎச்.டி. பட்டம் கிடைத்தது. ஆயினும் நிலையான பேராசிரியர் பதவி அவருக்கு வரவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமல் போயின என்றும், அவற்றைப் பின்வந்தோர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், உடன் பயின்றவரும் 1988-இல் நோபெல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் தெரிவித்தார். தாம் கண்டவற்றைக் குறித்து மேடையேறிப் பேசவோ பங்கு கேட்கவோ அறியாத மனிதர் சுப்பாராவ். அது நல்ல குணமா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

ஏ.டி.பி.யை விட்டு அவர் மீண்டும் பழைய கேள்விக்குத் திரும்பினார். ஈரல் உண்டால் ஒருவகைக் கொடிய சோகை நீங்குகிறது என்று அக்காலத்தில் தெரிந்திருந்தது. ஈரலில் உள்ள அந்தச் சத்து யாது? ஸ்புரூவிலும் சோகை உண்டு. ஆதலின் இதற்கும் அதற்கும் உறவு இருக்க வேண்டும் என்று கருதினார். ஈரற்சாற்றைப் பிரித்துப் பிரித்து ஆண்டுக்கணக்கில் முயன்றார். 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார்.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் இந்தியாவுக்கு முன்பே ஓர் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த சாறு அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டார். 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக் கீரையைக் கரைத்து அச்சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரையிலிருந்து எடுத்து எத்தனை நோயாளிக்குக் கொடுப்பது? அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகக் கட்டியெழுப்பியது சுப்பாராவின் குழு, ஆண்டு 1945. அதன் அமைப்பில் மூன்று துண்டுகள். ஒரு முனையில் டெரிடின் வளையம், நடுவே பாரா அமினோ பென்சாயிக் அமிலம், மறு முனையில் குளூட்டமிக் அமிலம். மூன்று பெட்டிகள் கோத்த சிறு இரயில் வண்டி என்று என் மாணவர்க்கு இப்போது சொல்கிறேன். உடனே அது மருத்துவர்களின் கைக்குச் சென்றது. ஸ்புரூ நோயாளிகள் அதனால் தேறினர். தம் உடன்பிறந்தார் இருவரைக் கொன்ற நோய்க்கு மருந்தைத் தாமே செய்து முடித்துவிட்டார் சுப்பாராவ். பல ஆண்டுகள் கழித்து!

ஆனால் ஈரலில் அவர் தேடிய பொருள் முழுதும் அதுவன்று. கொடிய சோகையில் இரத்தம் தேறினாலும் நரம்புக் கேடு ஃபோலிக் அமிலத்துக்கு அடங்கவில்லை. அங்கே இன்னொரு பொருள் ஒளிந்திருந்தது. அதை அவர் பிடிக்கவில்லை. அந்தப் பொருளை மறந்துவிட வேண்டாம், பின்னால் வரும்.

பாஸ்டன் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் இறந்துவிடும் காலம் அது. ஃபோலிக் அமிலம் இரத்தத்தைப் பெருக்குகிறதே, இக்குழந்தைகளுக்கும் நலம் தராதா என்று லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நேர் எதிராக நடந்தது. நோய் தணியவில்லை, விரைந்தது. புற்றணுக்கள் அதைத் தின்று கொழுத்தன போல் ஃபார்பருக்குத் தோன்றியது. கேட்கவே நெஞ்சு பதறும் செய்தி. ஆனால் அதிலிருந்தே மாற்று வழி பிறந்தது. ஃபோலிக் அமிலம் புற்றுக்கு உணவானால், உணவைப் போலவே தோற்றமுடைய போலி ஒன்றை ஊட்டினால் என்ன? சுப்பாராவின் குழு அத்தகைய போலிகளைச் செய்து வைத்திருந்தது. இரயில் வண்டியின் முதற் பெட்டியில் ஓர் ஆக்ஸிஜன் தொகுதி இருக்குமிடத்தில் அமினோ தொகுதி ஒன்றை மாட்டினால் அமினோப்டெரின். தோற்றம் அதேதான், ஆனால் உயிரணுவின் நொதி அதைப் பற்றினால் மீள முடியாது, புதிய டி.என்.ஏ. செய்ய முடியாது, அணு பெருக முடியாது.

ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். முடிவுகள் 1948 சூன் மாதம் வெளியாயின. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் அடங்கியது. சில மாதங்களே அடங்கியது, பிறகு திரும்பியது. இருப்பினும், அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முறையாகப் பின்வாங்கிக் காட்டியது. விலையும் பெரிது. வாயெல்லாம் புண்ணாயிற்று, குடல் கெட்டது, இரத்தக் கசிவு நேர்ந்தது. அணுக்கள் விரைந்து பெருகும் இடமெல்லாம் அந்த நஞ்சு தாக்கும். புற்று எது, குடல் எது என்று அதற்குத் தெரியாது. ஸ்புரூ நோயாளியின் வாய்ப்புண்ணையும் வயிற்றையும் பார்த்து வளர்ந்தவர், அதே தோற்றத்தைத் தம் மருந்தே உண்டாக்குவதைக் காண நேர்ந்தது.

அவர் செய்தவை இவ்வளவே அல்ல. யானைக்கால் நோய் ஒழிப்பு நாட்களில் நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுத்த டை-எதில்-கார்பமசைன் மாத்திரை நினைவிருக்கிறதா? அதுவும் லெடர்லியில் அவர் தலைமையில் பிறந்தது, 1947-இல். ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி 1948-இல் அங்கிருந்தே வெளிவந்தது. அதைக் கண்டவர் டக்கர் என்னும் முதிய தாவரவியலார், ஆதரித்து நடத்தியவர் சுப்பாராவ். இவற்றை விரித்தால் தனிக் கட்டுரையாகும். நடுவயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். வாழைப்பழம் விற்க ஓடிய பையன் முற்றிலும் மறைந்துவிடவில்லை போலும்!

1948 ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் இரவு உறங்கியவர் எழவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. அமினோப்டெரின் கட்டுரை வெளிவந்து இரண்டே மாதங்கள். இருபத்தாறு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடிமகனாகவில்லை, தாய்நாட்டுக்கும் திரும்பவில்லை. சேஷகிரி அம்மையார் 1922-இல் வழியனுப்பிய கணவரை மீண்டும் காணவே இல்லை. அறிஞர் வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நானும் அதையே செய்கிறேன்; செய்யும்போது கை கூசுகிறது. இந்திய அரசு அவர் நூற்றாண்டு விழாவின்போது 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

அதே 1948-இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, ஈரலில் ஒளிந்திருந்த அந்த இன்னொரு பொருளை அமெரிக்காவில் மெர்க் ஆய்வுக்கூடத்தார் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இங்கிலாந்திலும் அவ்வாண்டே கைகூடிற்று. அதுதான் வைட்டமின் பி 12.

இனி மருந்துச் சீட்டுக்கு வருவோம். அமினோப்டெரினுக்குத் தம்பியாக லெடர்லியில் பிறந்தது மெத்தோட்ரெக்சேட். நடுப் பெட்டியில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், அவ்வளவே வேற்றுமை. ஆனால் நச்சுத்தன்மை குறைவு. ஆகவே அண்ணனை ஒதுக்கிவிட்டுத் தம்பியை மருத்துவ உலகம் ஏற்றது. இன்றும் பல புற்றுகளுக்கும், முடக்குவாதத்திற்கும்கூட அது பயன்படுகிறது. நுரையீரல் புற்று மட்டும் எளிதில் மசியவில்லை.

வண்ணத்துப்பூச்சியின் இறகில் உள்ள நிறமிகளைப் பற்றி அமெரிக்காவில் ஒரு மாணவர் 1940-களில் படித்துக்கொண்டிருந்தார். பெயர் எட்வர்டு டெய்லர். அந்நிறமிகளில் உள்ள டெரிடின் வளையமே, லெடர்லி குழு வெளியிட்ட ஃபோலிக் அமில அமைப்பிலும் இருப்பதைக் கண்டு வியந்தார். பூச்சியின் இறகில் இருப்பது மனிதரின் குருதிக்கு ஏன் வேண்டும்? அந்த வியப்பு அவரைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, லில்லி நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கியதே பெமெட்ரெக்சட். முதற் பெட்டியின் வளையத்தையே மாற்றி அமைத்தார். கடைசிப் பெட்டியான குளூட்டமிக் அமிலம் அப்படியே இருந்தது. ஒரு நொதிக்குப் பதில் மூன்று நொதிகளை அது தடுத்தது. நுரையீரல் புற்றிலும் கேட்டது.

ஆனால் முதற் சோதனைகளில் விபரீதம் நேர்ந்தது. ஒரே அளவு மருந்தில் ஒருவர் நடமாடிக்கொண்டிருப்பார். இன்னொருவர்க்கு வெள்ளணுக்கள் அடியோடு வீழ்ந்து, வாயும் குடலும் புண்ணாகிவிடும். சிலர் நோயால் அன்றி மருந்தாலேயே இறந்தனர். யாருக்கு அப்படி நேரும் என்று முன்கூட்டி அறிய முடியவில்லை. இரத்தச் சோதனைகளைத் துருவி ஆராய்ந்ததில் ஒரு துப்பு கிடைத்தது. ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் எவர் இரத்தத்தில் மிகுந்திருந்ததோ அவரே துன்புற்றார். அது மிகுந்திருப்பதற்குப் பொருள், உடலில் ஃபோலிக் அமிலமோ பி 12-ஓ போதவில்லை என்பது. சேமிப்பு இல்லாத வீட்டில் பஞ்சம் வந்தது போல, அவர்களின் எலும்பு மச்சையும் குடலும் மருந்தின் தாக்குதலைத் தாங்க இருப்பின்றித் தவித்தன.

அப்படியானால் ஃபோலிக் அமிலத்தையும் பி 12-ஐயும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று சொல்வது இன்று எளிது. அன்று எளிதன்று. ஃபார்பரின் குழந்தைகளுக்கு நேர்ந்ததை யார் மறப்பார்? புற்றுக்கு உணவூட்டுவதாகிவிடாதா? பகை மருந்தின் முனையை நாமே மழுக்குவதாகாதா? அஞ்சியபடியேதான் 1999 இறுதியில் சோதனையில் இருந்த நோயாளிகள் எல்லார்க்கும் சிறு அளவில் இவ்விரண்டையும் கொடுக்கத் தொடங்கினர். கடுந்துன்பம் வெகுவாகக் குறைந்தது. மருந்தின் ஆற்றல் குன்றவில்லை. அணுக்களைக் காக்கச் சிறு அளவு போதும். புற்றைக் காக்க அது போதவில்லை.

அதன்பின் வந்த எண்களை மாணவர் குறித்துக்கொள்ளலாம். 2004-இல் வெளியான சோதனையில், முன்னரே ஒரு மருந்து பெற்றும் நோய் முற்றிய 571 நுரையீரல் புற்று நோயாளிகள் பங்கு கொண்டனர். பாதிப் பேருக்கு அக்கால வழக்கமான டோசிடாக்சல், பாதிப் பேருக்கு வைட்டமின்களுடன் பெமெட்ரெக்சட். உயிர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஒன்றே, எட்டு மாதம். ஆனால் வெள்ளணு வீழ்ந்து காய்ச்சல் கண்டவர் டோசிடாக்சலில் நூற்றுக்குப் பதின்மூவர், பெமெட்ரெக்சட்டில் இருவர். முடி உதிர்ந்தவர் அங்கே முப்பத்தெட்டு, இங்கே ஆறு. 2008-இல் 1725 நோயாளிகளைக் கொண்ட சோதனை, சிஸ்பிளாட்டினோடு எதைச் சேர்ப்பது என்று பார்த்தது. சுரப்பி அணுவில் தோன்றும் வகைப் புற்றுக்குப் பெமெட்ரெக்சட் சேர்ந்த கூட்டு மேலானது என்றும், செதிள் அணு வகைக்கு அது ஏற்றதன்று என்றும் தெளிவாயிற்று. ஜப்பானில் எழுபத்தைந்து வயது கடந்த 433 முதியோரிடம் நடந்த சோதனை 2020-இல் வெளிவந்தது. கார்போபிளாட்டின்-பெமெட்ரெக்சட் கூட்டு, டோசிடாக்சல் ஒன்றை மட்டும் கொடுப்பதற்கு ஆயுளில் பின்தங்கவில்லை. அஞ்சத்தக்க அந்தக் காய்ச்சலோ நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து நான்காகக் குறைந்தது.

மென்மை என்றதும் வலியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் பெரியப்பா சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடல் அசதி ஒரு வாரம் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்திற்குக் கிளம்பிவிடுவார். தலைமுடி கடைசிவரை இருந்தது. அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. பேத்தியின் திருமணத்தில் பந்தியை மேற்பார்வை பார்த்தார். யாரோ ஒருவர் சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றியதற்காக இரைந்ததும் நடந்தது.

முதல் தவணை தள்ளிப்போன அன்று மாலையே, பழைய வருகைப் பதிவேடு ஒன்றைத் தேடியெடுத்து, நாள்தோறும் மாத்திரை போட்டதும் அதில் குறியிடத் தொடங்கியிருந்தார். தலைமையாசிரியர் அல்லவா? ஃபோலிக் அமிலம் ஒரு வரிசை, பி 12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மையில் தனி வரிசை. சுப்பாராவின் கதையை நான் படித்து முடித்து அவரிடம் சொன்னபோது அமைதியாகக் கேட்டார். தேர்வில் இருமுறை தவறியவர் என்ற இடத்தில் மட்டும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். மறுநாள் பதிவேட்டில் அவ்வரிசையின் இடப்பக்கம், மாணவர் பெயர் எழுதும் கட்டத்தில், எ. சுப்பாராவ் என்று எழுதியிருந்தார்.

பத்தொன்பது மாதங்கள் வாழ்ந்தார். 2018 சனவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே, இதே கூட்டு மருந்தோடு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்தையும் சேர்த்தால் ஓராண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு நாற்பத்தொன்பதிலிருந்து அறுபத்தொன்பதாக உயர்கின்றனர் என்று 616 நோயாளிகளிடம் நடந்த சோதனை அறிவித்தது. அதன் விலையை விசாரித்துப் பார்த்தேன், எங்களால் ஆகியிராது.

பதிவேடு இப்போது என் மேசையில் இருக்கிறது. கடைசிக் குறி சனவரி 9-ஆம் நாளுக்கு நேராக இருக்கிறது. இடையில் ஒருநாளும் விடுப்பு இல்லை.